மூணாவது பொண்ணு

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சிஸ்டர், எனக்குக் காத்து ஒத்துக்காது. கின்ஷாசாவுக்குத்தானே? நானும் அங்கதான். மூணு மணி நேரம்னு டிரைவர் சொல்றான். அவன் சொன்னா அஞ்சுன்னு வச்சுக்கணும்.

கறுப்புத் துணியைப் பார்த்துட்டுக் கேக்கலாமா வேணாமான்னு யோசிக்கிறீங்க, கேளுங்க. எங்க அம்மா போய்ட்டாங்க. மகியேசேன்னு பேரு. சந்தோஷம்னு அர்த்தம். புதைச்சு இன்னைக்கு நாலாம் நாள். எங்க புதைச்சோம்னு கேக்காதீங்க. இல்ல, கேளுங்க. யார்கிட்டயாவது சொல்லாட்டி எனக்கு நெஞ்சு வெடிச்சிடும். உங்களுக்கு எங்க பாஷை நல்லா வருது, நாலு வருஷத்துல இவ்வளவு பேசுறது பெரிய விஷயம். ஆஸ்பத்திரியில பொம்பளைங்க கத்துக் கொடுத்ததா? அதான் கொஞ்சம் சந்தைப் பேச்சு கலந்திருக்கு. தப்பா நினைக்காதீங்க, பேச்சுதான் எனக்குத் தொழில், காது அதுவா எடை போடும்.

என் பேரு டோம்பாசி. முந்தி போர்த்துகீசுக்காரன் விட்டுட்டுப் போன டோம் செபஸ்தியான்ங்கிற பேரு எங்க வாயில அரைபட்டு டோம்பாசி ஆச்சு. உங்க சபையெல்லாம் இங்க வர்றதுக்கு எவ்வளவோ முன்னாடியே எங்க ராஜா ஞானஸ்நானம் வாங்கியாச்சு சிஸ்டர், ஐந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. நாங்க கொங்கோ ஜனம். எங்க பேரைத்தான் ஆத்துக்கு வச்சான், நாட்டுக்கும் வச்சான். எங்களை ஒரு வார்த்தை கேக்கல.

நான் கின்தாலாக்காரன். கிம்பேசே டவுன்லேருந்து மண்ரோட்டுல உள்ள போகணும், ஒரு மேடு. எங்க வம்சத்துக்குச் சபையில பேசுறவன் நான்தான். முப்பது வருஷமா. வம்சத்துப் பேரை இன்னைக்குச் சொல்ல மாட்டேன், வாய் வரல.

சபைப் பேச்சுன்னா உங்களுக்குப் புரியும்படி சொல்றேன். கல்யாணமா, சாவா, நிலத் தகராறா, ரெண்டு பக்கமும் எதிரும் புதிருமா உக்காருவாங்க. வம்சத்துத் தலைவர் வாயே திறக்க மாட்டார். பாயில உக்கார்ந்து என் காதுல மெல்லச் சொல்வார், நான் எந்திரிச்சு ஊர் கேக்கச் சொல்லணும். அவர் காதுல சொன்னது சொல்லு கிடையாது. நான் எந்திரிச்சு நின்னு சொன்னாத்தான் அது சொல்லு. சொல்லி முடிச்சதும் ஜனம் மூணு தரம் கை தட்டும். தட்டியாச்சுன்னா முடிஞ்சது, அப்புறம் கோர்ட்டே வந்தாலும் மாத்த முடியாது.

உங்க ஊர்லயும் தாய்மாமன்தான் பெருசுன்னு சொன்னாங்க. மாமன் மடியில வச்சுத்தான் குழந்தைக்குக் காது குத்துவீங்களாமே? அப்ப உங்களுக்குப் பாதி புரிஞ்ச மாதிரிதான். எங்களுக்கு எல்லாமே அம்மா வழி. என் பிள்ளைங்க ஏழு பேரையும் நான்தான் படிக்க வச்சேன், ஆனா அவங்க என் வம்சம் கிடையாது, அவங்க அம்மா வம்சம். எனக்குப் பின்னாடி எங்க வீட்டு மண்ணு என் தங்கச்சி மத்தோண்டோவோட பிள்ளைங்களுக்குத்தான். அதுல எனக்கு வருத்தமே இல்ல. அதுதான் முறை.

சரி, அந்த மண்ணு நம்மளதுன்னு எப்படி நிரூபிக்கிறது? பத்திரமா இருக்கு? ரெண்டே சாட்சி. ஒண்ணு, மேட்டு மேல இருக்கிற வம்சத்துக் கல்லறை. அங்க உங்க அம்மா படுத்திருந்தா நீங்க அந்த மண்ணுக்காரர். இன்னொண்ணு, வம்சக் கதை. நாங்க எங்கேருந்து வந்தோம், எந்த ஆத்தைக் கடந்தோம், எந்த அம்மா எந்தப் பொண்ணைப் பெத்தா. அதை முழுசா, தட்டுத் தடங்கல் இல்லாம சபையில சொல்லணும். இழுத்தா நிலம் போச்சு.

எங்களுது இப்படிப் போகும். ராஜாவோட ஊரை விட்டுக் கிளம்பினோம், அது இப்ப அங்கோலா பக்கம் போயிடுச்சு. ஆத்தைக் கடந்தோம். மேடு ஏறினோம். அம்மா களைச்சுப்போய் உக்கார்ந்தா. அவளுக்கு மூணு பொண்ணுங்க. மூத்தவ மேட்டு உச்சியில அடுப்பு வச்சா. ரெண்டாமவ ஊத்துப் பக்கம் அடுப்பு வச்சா. மூணாமவ பனங்காட்டு ஓரம் அடுப்பு வச்சா. மூணு அடுப்பு, மூணு வீடு, ஒரே வயிறு. எங்க அம்மா மூணாவது வீடு. நான் சொல்லும்போது இந்த இடத்துல குரலை இறக்குவேன், பொம்பளைங்க கண்ணைத் துடைப்பாங்க. சும்மா சொல்லக்கூடாது, அந்த இடம் எனக்கு நல்லா வரும்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே எங்க பெரிய மாமா லுசாலாதான். எங்க தலைவர். மூத்த வீட்டுக்காரர். அவர் வாயால, மூணு பொண்ணுன்னு. ஒரு தரம் இல்ல, நூறு தரம். இதை மனசுல வச்சுக்கோங்க. அந்த மனுஷன் எனக்குப் பண்ணின துரோகத்தை நீங்க எந்த நாட்டுலயும் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க.

என் பேச்சு எப்படின்னு தெரியணும்னா ஒரு கேஸ் சொல்றேன். ஆறு வருஷம் ஆச்சு. ஓடைக்குக் கீழ ஒரு பதினோரு குடும்பம் இருந்தாங்க, நாலஞ்சு தலைமுறையா இருந்தாங்க, எங்க வம்சம்னே சொல்லிட்டு. மரவள்ளிக் காட்டுல பாதி அவங்க கையில. மாமா என்னைக் கூப்பிட்டு, அவங்க பாட்டி வம்சத்துல பொறந்தவ இல்ல, வந்தவன்னார். எங்களுக்கு அது போதும்.

வந்தவன்னா என்னன்னு கேக்குறீங்களா. அந்தக் காலத்துல கடற்கரைக்குச் சரக்கு போகும், தந்தம் போகும், கூடவே மனுஷங்களும் போவாங்க. எல்லாரையும் கப்பல்ல ஏத்திடல. பொம்பளைன்னா சில பேரை இங்கயே நிறுத்திக்குவாங்க. உப்பு கொடுத்து, துணி கொடுத்து வாங்குறது. ஏன்னா அவ பெக்குற பிள்ளைக்குத் தாய்மாமன் கிடையாது. மாமன் இல்லாதவன் எங்க போவான்? வாங்கினவங்க வம்சத்தோடயே ஒட்டிக்குவான், வம்சம் பெருகும். ஒரு தலைமுறை போனா யாரும் அதைப் பேச மாட்டாங்க. பேசக் கூடாது. முகத்துக்கு நேரா அந்த வார்த்தையைச் சொன்னா சொன்னவனுக்குத்தான் தண்டம்.

அதனால நான் சொல்லல. கேட்டேன். அதுதான் என் கெட்டிக்காரத்தனம். சபையில எந்திரிச்சு, ரொம்ப மரியாதையா, "பெரியவரே, உங்க அம்மாவோட அம்மாவோட அம்மா எந்த ஆத்தைக் கடந்து வந்தாங்க?"ன்னு கேட்டேன். ரெண்டாவது தரம் கேட்டேன். மூணாவது தரம் கேட்டேன். அவங்க பக்கத்துக் கிழவர் தரையைப் பார்த்துட்டு உக்கார்ந்துட்டார். ஜனம் கை தட்டுச்சு பாருங்க, அஞ்சு ஊரு ஜனம். மழைக்கு முன்னாடி பதினோரு குடும்பமும் கிளம்பியாச்சு. அவர் மருமக ஒருத்தி நிறைமாசம், தலையில பானையோட போனா.

எங்க போனாங்கன்னா? அது எனக்கு எப்படித் தெரியும் சிஸ்டர். வக்கீல் இதெல்லாம் கேட்டுட்டு இருப்பாரா?

சரி, அம்மா விஷயத்துக்கு வர்றேன். கிம்பேசே ஆஸ்பத்திரியில உயிர் போச்சு. கடைசியில ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "மேட்டுல எங்க அம்மா பக்கத்துல வச்சிடு." அவ்வளவுதான். தங்கச்சி கையைப் பிடிச்சுட்டு, என்னைப் பார்த்து. நான், "இதென்ன கேள்வி, வேற எங்க வைப்பேன்"னு சொன்னேன். லாரி பிடிச்சு, பெட்டியை ஏத்தி, நானும் மத்தோண்டோவும் அவ பிள்ளைங்களும் மேட்டுக்குப் போனோம். மறுநாள் இன்சோனா. எங்க பழைய வாரத்துக்கு நாலே நாள்தான், அதுல இன்சோனா அன்னைக்கு மண்ணைத் தோண்டக் கூடாது. அன்னைக்கே குழி வெட்டியாகணும்.

போனா, மாமரத்தடியில சபை கூடியிருக்கு. சாவுக்குக் கூடுறதுதானேன்னு நினைச்சேன். மயாலா எந்திரிக்கிறான்.

மயாலா யாருன்னா, மூத்த வீட்டுப் பையன், எனக்கு அண்ணன் முறை. ஒரே தட்டுல சாப்பிட்டு வளர்ந்தோம். அவன் தங்கச்சி புருஷன் வீட்டுல பிரச்சினை வந்தப்போ நான்தான் போய்ப் பேசி முடிச்சேன். மாமாவுக்கு எண்பத்தி நாலு வயசு, அடுத்த தலைவர் யாருங்கிற பேச்சு ஊருக்குள்ள இருக்கு, என் பேரும் அடிபடுது. அது அவன் கண்ணை உறுத்தியிருக்கு. எனக்குத் தெரியல. கூடப் பொறந்தவன் மாதிரி இருந்தவன்மேல யாரு சந்தேகப்படுவா?

எந்திரிச்சு, ரொம்ப மரியாதையா, "டோம்பாசி, நம்ம அம்மா ஆத்தைக் கடந்து வந்தப்போ அவளுக்கு எத்தனை பொண்ணு?"ன்னான்.

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. "மூணு, உனக்குத் தெரியாதா"ன்னேன். அவன், "உன்னைக் கேக்கல. தலைவர் சொல்லட்டும், நீ அதை எங்களுக்குச் சொல்லு"ன்னான். ரெண்டாவது தரமும் அதையே சொன்னான். மூணாவது தரமும். எங்கயோ பொறி தட்டியிருக்கு அவனுக்கு, யாரோ கிழவி உளறியிருப்பா. ஆனா அவனுக்கு நிச்சயமாத் தெரியாது சிஸ்டர், அது மூஞ்சியிலயே தெரிஞ்சுது. உதட்டை நக்கிட்டே நின்னான்.

நான் பாய்கிட்ட போய்க் குனிஞ்சேன். மாமா என் கழுத்தைப் பிடிச்சுக் கிட்ட இழுத்தார். என் காதுல சொன்னார்.

"ரெண்டு."

எனக்குக் காது அடைச்சுப்போச்சு. "என்ன மாமா"ன்னேன். "ரெண்டு பொண்ணுதான். உங்க பாட்டியோட அம்மாவை எங்க மாமன் சந்தையிலேருந்து கூட்டிட்டு வந்தார். உப்புக்கு. அவ பிள்ளைங்க தலை குனியக் கூடாதுன்னு மூணாவது பொண்ணைக் கதையில அவர்தான் சேர்த்தார். எனக்கும் அவர்தான் சொன்னார்."

நம்ப வச்சுக் கழுத்தறுக்கிறதுன்னா இதுதான். முப்பது வருஷமா என்னை ஊர் ஊரா நிறுத்தி மூணு மூணுன்னு சொல்ல வச்சுட்டு, எங்க அம்மா பெட்டி வெயில்ல நிக்கிற நேரத்துல ரெண்டுங்கிறார். அதோட விட்டாரா? என் கழுத்தை விடாமலே, இன்னும் மெல்ல, "சபைக்கு நான் பேச மாட்டேன். நீதான் பேசணும். உன் வாய்க்கு எது சரின்னு படுதோ அதைச் சொல்லு"ன்னார். என்ன குத்தல் பார்த்தீங்களா. செத்த பாம்பை அடிக்கிற மாதிரி. சொல்லிட்டுக் கண்ணை மூடிக்கிட்டார்.

முறைப்படி நான் ஓரமாப் போய் எங்க ஆட்களோட கலந்து பேசலாம், அதுக்குச் சபை நேரம் கொடுக்கும். போனேன். எங்க ஆட்கள்னா யாரு, மத்தோண்டோதான். லாரி பக்கத்துல பெட்டி மேல ஈ உக்காராம துணியை வீசிட்டு நின்னா. "என்ன சொன்னார் மாமா?"ன்னு கேட்டா. "ஒண்ணுமில்ல, நீ சும்மா இரு"ன்னுட்டேன். பொம்பளைகிட்ட அந்த நேரத்துல என்னன்னு சொல்றது. லாரி டயர்ல சாஞ்சு கொஞ்ச நேரம் நின்னேன், தண்ணி குடிச்சேன், திரும்பி வந்தேன்.

நின்னேன் சிஸ்டர். ஐந்நூறு பேர் இருப்பாங்க. ராஜாவோட ஊர்லேருந்து எடுத்தேன். ஆத்தைக் கடந்தேன். மேடு ஏறினேன். அம்மாவை உக்கார வச்சேன். "அவளுக்கு ரெண்டு பொண்ணுங்க"ன்னு சொன்னேன். மூத்தவ உச்சியில அடுப்பு வச்சா, ரெண்டாமவ ஊத்துப் பக்கம் அடுப்பு வச்சா, ரெண்டு அடுப்பு, ரெண்டு வீடு, ஒரே வயிறுன்னு முடிச்சேன். ஒரு இடத்துலகூடத் தட்டல. குரலை இறக்க வேண்டிய இடத்துல இறக்கினேன். இதுவரைக்கும் அவ்வளவு நல்லா நான் சொன்னதே இல்லன்னு வெளியூர்க்காரங்களே சொன்னாங்க.

கை தட்டுனாங்க. மூணு தரம்.

மயாலா என்னைக் கட்டிப் பிடிச்சுட்டு அழுதான். "உன்னை மாதிரி நேர்மையான ஆள் இந்தப் பக்கத்துலயே கிடையாது"ன்னான். அதை எல்லாரும் கேட்டாங்க. துரோகி. ஆனா அது நிஜம்தானே, அதை அவனாலயே மறைக்க முடியல பாருங்க.

அப்புறம் என்ன. மேட்டுல குழி கிடையாது. கிம்பேசேயில ரயில்பாதைக்குப் பக்கத்துல பொதுக் கல்லறை இருக்கு, யாரு எவருன்னு கேக்க மாட்டாங்க. இருட்டுறதுக்குள்ள அங்க வச்சுட்டோம். ஒரு பக்கம் யாரோ ஒரு போலீஸ்காரன், இன்னொரு பக்கம் பேரே எழுதாத சிலுவை. மரவள்ளிக் காடும் போச்சு, மத்தோண்டோ பிள்ளைங்க பயிரை எடுத்துட்டுக் கிளம்பணுமாம். அறுவடை வரைக்கும் டைம் கொடுத்திருக்காங்க, அந்த மட்டுக்கும் பெருந்தன்மை.

குழியை மூடினதும் தங்கச்சி கேட்டா. "இப்பவாவது சொல்லு, மாமா உன் காதுல என்ன சொன்னார்?" எல்லாத்தையும் சொன்னேன். ஒரு வார்த்தை விடல. என் வாய்க்கு எது சரின்னு படுதோ அதைச் சொல்லுன்னு குத்திக் காட்டினதையும் சொன்னேன். எனக்காக அழுவான்னு பார்த்தேன்.

அவ அழல. "அது உன் காதுல மட்டும்தானே விழுந்துச்சு?"ன்னா.

ஆமான்னேன்.

"மயாலாவுக்கும் கேக்கல?"

இல்லன்னேன்.

"மூணுன்னு சொல்லியிருந்தா யாரு மறுத்திருப்பா? மாமா உன்கிட்ட அதைத்தானேடா கேட்டார். சபையில பேச மாட்டேன், உனக்கு எது சரின்னு படுதோ சொல்லுன்னா வேற என்ன அர்த்தம்? அந்தக் கிழவர் தன்னால முடிஞ்சதை உன் கையில கொடுத்துட்டுக் கண்ணை மூடிக்கிட்டார். அம்மாவை மேட்டுல வைக்க ஒரு வார்த்தை போதும். முப்பது வருஷம் நீ சொன்ன அதே வார்த்தை."

அவளுக்கு என்ன தெரியும் சிஸ்டர். சபை ஏறினதில்ல. தலைவர் காதுல சொன்னதை மாத்திச் சொல்றவன் பேச்சுக்காரனா? முப்பது வருஷத்துல அவர் சொன்னதுல நான் ஒரு எழுத்து மாத்தினதில்ல. அந்தப் பேரை வச்சுத்தானே நான் நிக்கிறேன். இதை அவகிட்டயும் சொன்னேன். கேட்டுட்டு, புடவை முந்தியில கையைத் துடைச்சுட்டு எந்திரிச்சா... புடவைன்னா வாயில வந்துடுச்சு, உங்களைப் பார்த்துட்டே பேசுறேன்ல, இடுப்புல கட்டியிருந்த துணி. துடைச்சுட்டு, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிட்டா. அன்னையிலேருந்து பேசல. என் வீட்டுப் பக்கம் வர்றதில்ல. எல்லாரும் என்னைக் கைவிட்டாச்சு. மாமா, மயாலா, கடைசியில கூடப் பொறந்தவளும்.

கின்ஷாசாவுக்கா? வேலையாத்தான். மயாலாவோட தங்கச்சி மகளுக்குச் சனிக்கிழமை பரிசம் பேசுறாங்க. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் பெரிய பேச்சுக்காரனைக் கொண்டு வர்றாங்களாம். பொண்ணு வீட்டுக்கு வம்சக் கதையை எடுத்துச் சொல்லி யாரு பேசுவா? நேத்து மயாலா ஆள் அனுப்பினான், பஸ் டிக்கெட்டோட. என்ன பார்க்குறீங்க. கூப்பிட்டா போகாம இருக்க முடியுமா, இந்தக் கதையைச் சொல்ல அந்த மேட்டுல வேற ஒருத்தன் இருக்கானா?

ஒரே ஒரு சங்கடம். பழக்கம் பாருங்க, தனியா சொல்லிப் பார்த்தா வாய் தன்னால மூணுன்னு போகுது. அடுப்பு மூணுன்னு வந்துடுது. சனிக்கிழமை அப்படி வந்தா மானம் போயிடும். உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்லன்னா, நான் முதல்லேருந்து ஒரு தரம் சொல்றேன், கேளுங்க. எங்கயாவது மூணாவது பொண்ணு வந்துட்டா என் கையைத் தட்டி நிறுத்திடுங்க.